ஈரல் இறங்கிய சங்கரபாண்டி

உங்கள் வீட்டுக்காரருக்கு ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இன்று ராத்திரி சோறு போடும்போது சும்மா கேட்டு வையுங்கள். "ஏன், வயித்துக்குள்ளதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினால் பயமில்லை, நல்ல மனிதர். தொட்டுக் காட்ட ஆரம்பித்தால்தான் நாம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். தென்காசி நெல் மண்டியில் தராசு பிடிக்கிற சங்கரபாண்டி தொட்டுத்தான் காட்டினார். தொட்ட இடம்தான் தகராறு.

அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி எடுப்பார்கள். அந்தக் கறிக்கு ஒரு சட்டம் உண்டு. யாருக்கு எந்த உறுப்பில் குறையோ அவருக்கு ஆட்டின் அந்த உறுப்பு. சங்கரபாண்டியின் அப்பாவுக்கு முட்டு நோவு. ஆகையால் அவருக்கு ஆட்டுக்கால் சூப்பு. தம்பிக்காரன் பரீட்சையில் கோட்டை விட்டான். ஆகையால் அவனுக்கு மூளை. மூளையைத் தின்றுவிட்டுப் போய் மறுபடியும் கோட்டை விட்டான். அது ஆட்டின் குற்றம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். இரத்தம் ஊற வேண்டியவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும். மண்ணீரலுக்குத்தான் கறிக்கடையில் சுவரொட்டி என்று பேர். சங்கரபாண்டியின் பெண்சாதி பேச்சித்தாய் தலைப்பிள்ளை பெற்றுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆகையால் ஈரல், சுவரொட்டி இரண்டும் அவள் தட்டுக்கு.

சங்கரபாண்டிக்கு என்ன? அவர் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு மூட்டை நெல்லை ஒரு மூச்சில் தூக்கி வைப்பார். தும்மினால்கூட மண்டியில் புறா பறக்கும். இப்படிப்பட்ட மனிதருக்கு எந்த உறுப்பைக் கொடுப்பது? எலும்பும் குழம்பும்தான்.

பேச்சித்தாய் ஈரல் வறுக்கிற நேர்த்தி இருக்கிறதே, அது ஒரு சித்திரவதை. சின்ன உள்ளியை நல்லெண்ணெயில் வதக்கி, மிளகை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, இரும்புச் சட்டியில் சுருளச் சுருள வறுப்பாள். வாசம் தெருமுக்கு வரைக்கும் போய்த் திரும்பி வரும். சங்கரபாண்டி நல்லியெலும்பைத் தட்டில் தட்டிக்கொண்டே அந்தப் பக்கம் பார்ப்பார்.

"ஏட்டி, ஒரு துண்டு இங்கன தள்ளேன்."

"உங்களுக்கு எதுக்கு? நீங்களா பிள்ள பெத்திய?"

"அது எனக்கும் பிள்ளதான?"

"பிள்ள உங்களுக்கு. போன ரத்தம் எனக்கு. கொழம்பு ஊத்தட்டா?"

ஒரு மனிதன் எத்தனை நாள்தான் ஆரோக்கியமாக இருந்து கஷ்டப்படுவான்? ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை கழுவுகிற இடத்திலேயே சங்கரபாண்டி ஒரு சபதம் செய்துகொண்டார். அடுத்த ஞாயிறு வருவதற்குள் எப்பாடு பட்டாவது ஈரல் நோய்க்காரன் ஆகிவிடுவது.

நோயாளி ஆவது சுலபம். எங்கே நோகிறது என்று காட்டுவதில்தான் சங்கடம். இருதயம் என்றால் நெஞ்சைத் தட்டலாம். மூளை என்றால் மண்டையைத் தொடலாம். இந்த ஈரல் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது? யாரையாவது கேட்டால் சந்தேகம் வரும். ஆகையால் அவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார். கறிக்கடை சேக் மைதீனிடம் போனார்.

சேக் மைதீன் அப்போதுதான் ஒரு கிடாயைப் பின்னங்கால்களில் கட்டிக் கொக்கியில் மாட்டி, வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"பாய், ஆட்டுக்கு ஈரலு எங்கன இருக்கும்?"

"வெட்டுறதுக்கு முந்தி ஆட்டுக்குள்ள. வெட்டின பொறவு உம்ம வீட்டுச் சட்டியில. என்னவே காலங்காத்தால கேள்வி?"

"இல்ல பாய், எந்தப் பக்கம்னு கேக்கேன்."

"இந்தாத் தொங்குதுல்லா! கண்ணாலப் பாரும். கைய வச்சிராதேயும்."

சங்கரபாண்டி பார்த்தார். தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஈரல் அவருடைய வலது கைப் பக்கமாகத் தெரிந்தது. அவர் ஏமாறுகிற ஆளா? எதிரே நிற்கிறவனுடைய வலது கை நமக்கு இடது கைப் பக்கம் அல்லவா வரும்? அப்படியானால் நமக்கு வலது பக்கமாகத் தெரிவது ஆட்டுக்கு இடது பக்கம். சரி, ஈரல் இடது பக்கம். அடுத்தது உயரம். இரைப்பை மேலே இருக்கிறது, ஈரல் அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே ஈரல் அடிவயிற்றில். இடது அடிவயிறு! கணக்கு முடிந்தது.

ஆடு தலைகீழாகத் தொங்குகிறது என்கிற ஒரு சின்ன விஷயம் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டியிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் விழுந்தார்.

"ஐயோ! ஈரலு! ஈரலு!"

பேச்சித்தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து ஓடி வந்தாள்.

"என்னங்க, என்ன செய்யுது?"

"ஈரலு நோவுதுட்டி. பிச்சுப் பிடுங்குது."

"ஈரலுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குள்ள இருக்கது எனக்குத் தெரியாதா?"

"எங்கன நோவுது? காட்டுங்க."

சங்கரபாண்டி அரைஞாண் கயிற்றுக்குப் பக்கத்தில், இடது அடிவயிற்றைக் கொத்தாகப் பிடித்துக் காட்டினார்.

பேச்சித்தாய் அந்த இடத்தைப் பார்த்தாள். அவளுடைய தம்பிக்கு ஒரு வருஷம் குளிர்காய்ச்சல் வந்து மண்ணீரல் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் இடது விலாவுக்குக் கீழே அமுக்கி மண்ணீரலைப் பார்த்தார், வலது விலாவுக்குக் கீழே அமுக்கி ஈரலைப் பார்த்தார். அரைஞாண் கயிற்றுப் பக்கம் அவர் போகவே இல்லை.

அவள் புருஷனுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் இல்லை, செவ்வரளி மாதிரி சிவந்திருந்தது. நகத்தைப் பார்த்தாள். வெளுப்பு இல்லை. நாக்கை நீட்டச் சொன்னாள். அதில் வெற்றிலைச் சிவப்பு.

"மத்தியானம் சாப்பிட்டியளா?"

"எங்க சாப்பிட! ஏதோ ரெண்டு வாய்."

"கொண்டுபோன தூக்குச்சட்டி காலியா இருக்கே."

"சட்டியில இருந்ததே ரெண்டு வாய்தானட்டி!"

பேச்சித்தாய் சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து சங்கரபாண்டிக்கே மனசு இளகிவிட்டது.

"அழாதட்டி. ஈரல் நோவுக்கு ஈரல் தின்னா சரியாப் போயிரும். நாளான்னைக்கு ஞாயித்துக்கிழமதான?"

அவள் தலைப்பை எடுத்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள்.

"பார்வதியக்கா! ஏ பார்வதியக்கா! ஓடி வாங்க. இவங்களுக்கு ஈரலு இறங்கிட்டு!"

பார்வதியம்மாள் அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"என்னளா இது! குடலிறக்கம் கேட்டிருக்கேன், குழந்தைகளுக்குக் குடலேத்தம் கேட்டிருக்கேன். ஈரலு இறங்குமா?"

"இறங்கியிருக்கே! எங்கன கெடக்குன்னு பாருங்க. விலாவுக்குக் கீழ இருக்க வேண்டியது இடுப்பு வரைக்கும் வந்திட்டு. அதுவும் பக்கம் மாறி வந்திருக்கு."

சங்கரபாண்டிக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. பக்கம் மாறியா? ஆனால் அடுத்த நிமிஷம் பார்வதியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எங்க கொழுந்தருக்கு மாதிரி இந்தத் தென்காசியில யாருக்கும் வந்ததில்ல" என்று சொன்னதும் அவருக்கு ஒரு பெருமிதம்கூட வந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் வருகிற தலைவலியும் வயிற்றுக் கடுப்பும் அவருக்கு வரவில்லை. ஈரல் இறக்கம்!

"அப்ப ஞாயித்துக்கிழம ஈரலு...?" என்று மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

"ஐயையோ!" என்றாள் பேச்சித்தாய். "இருந்த எடத்துல இருக்க ஈரலுக்குத்தான் ஈரல் குடுக்கலாம். இறங்கின ஈரலுக்குக் குடுத்தா என்ன ஆகும்? பாரம் கூடி இன்னும் இறங்கிரும். தொடைக்கு வந்து, முட்டுக்கு வந்து... மண்டிக்கு எப்பிடி நடந்து போவிய?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?" என்றாள் பார்வதியம்மாள். "ஒரு குப்பி கழுவிக் கொண்டுபோனா ரோசாப்பூ நெறத்துல தண்ணி மருந்து ஊத்தித் தருவான்."

"ஆஸ்பத்திரி வேண்டாம் மதினி!" என்று அலறினார் சங்கரபாண்டி. அங்கே டாக்டர் அமுக்கிப் பார்ப்பார், வெட்டவெளிச்சமாகிவிடும். "அங்க கத்தி வச்சிருக்கான். நாட்டு வைத்தியம் போதும்."

"நாட்டு வைத்தியம்தான?" என்றாள் பேச்சித்தாய். "அப்ப சரி."

இறங்கினதை ஏற்ற வேண்டும், அதுதான் வைத்தியம். ஆட்டுக்கல்லை நகர்த்தி வந்து சுவரோரம் போட்டாள். சங்கரபாண்டியைத் தரையில் படுக்கப் போட்டு, இரண்டு காலையும் தூக்கி ஆட்டுக்கல் மேல் வைத்தாள். தலை கீழே, கால் மேலே. ஈரல் தானாக உருண்டு மேலே போய்விடுமாம். அதோடு கீழாநெல்லியை அரைத்துப் புளித்த மோரில் கலக்கி, உப்புப் போடாமல் கொடுத்தாள். உப்பில்லாத கஞ்சி. தொட்டுக்கொள்ள எதுவும் கிடையாது.

"ஏட்டி, உப்பு ஏன் போடல?"

"உப்புக்கும் ஈரலுக்கும் ஆகாது."

"நேத்து வரைக்கும் ஆகிச்சே!"

"நேத்து அது மேல இருந்துச்சு."

செய்தி தெருவெல்லாம் பரவியது. வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து அவர் முகத்தைப் பார்த்து விசாரித்தார்கள். ஒவ்வொரு முகமும் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அப்பா, முட்டு நோவோடு தடியூன்றி வந்து, "எலே, நான் இத்தன வருசமா முட்டு நோவுன்னு சொல்லுதேன், ஒருத்தரும் வந்து பாக்கல. உனக்கு வந்த நோவு நல்ல நோவுலே" என்று பொறாமைப்பட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் சங்கரபாண்டிக்குப் பொறுக்கவில்லை. இரத்தமெல்லாம் தலைக்கு வந்து காது குப்பென்று அடைத்திருந்தது. ஞாயிறு வேறு நெருங்குகிறது. இருந்த இடத்தில் இருக்கிற ஈரலுக்கு ஈரல் கொடுக்கலாம் என்றுதானே சொன்னாள்? அப்படியானால் ஏற்றிவிட வேண்டியதுதான்.

"பேச்சி! ஏளா பேச்சி! ஏறிட்டு! ஈரலு ஏறிட்டு!"

"நெசமாவா? எங்கன இருக்கு இப்ப?"

அவர் சந்தோஷமாக இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

"உயரம் சரி" என்றாள் பேச்சித்தாய், தச்சு ஆசாரி மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "பக்கம் சரியில்லயே. ஈரலு வலப்பக்கம்லா இருக்கணும்? இடப்பக்கம் மண்ணீரல் எடமாச்சே. அது எங்க போவும் பாவம்?"

சங்கரபாண்டிக்கு அப்போதுதான் சேக் மைதீன் கடை ஆடு மனக்கண்ணில் வந்து நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது, தொங்கியது. பின்னங்கால் மேலே, தலை கீழே. அட பாவி ஆடே! நீ நேராகத் தொங்கியிருக்கக் கூடாதா?

இனி உண்மையைச் சொல்லவும் முடியாது. தெருவே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"இப்ப என்னட்டி செய்ய?"

"உருட்டணும்."

முற்றத்தில் ஓலைப்பாயை விரித்தார்கள். பார்வதியம்மாள் தலைமாட்டில், பேச்சித்தாய் கால்மாட்டில். இடமிருந்து வலமாக உருட்டினார்கள். வீட்டுச் சுவர் வரைக்கும் உருட்டி, தூக்கி வந்து, மறுபடியும் உருட்டினார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை முதன்முதலாகக் கெக்கெக்கென்று வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"போதும்! வந்திட்டு! வலப்பக்கம் வந்திட்டு!" என்று கத்தினார் சங்கரபாண்டி. பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டிருந்தார். "இங்கன, இங்கன! விலாவுக்குக் கீழ! இப்ப சரிதான?"

பேச்சித்தாய் தொட்டுப் பார்த்தாள். பார்வதியம்மாளைப் பார்த்தாள்.

"எடம் சரிதான்" என்றாள்.

சங்கரபாண்டிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை! மிளகு! சின்ன உள்ளி!

"ஆனா நிக்குமா?" என்றாள் பார்வதியம்மாள். "ஒருக்க இறங்கிப் பழகின ஈரலு. தும்மினா மறுபடியும் இறங்கும்."

"அதத்தான் நானும் யோசிக்கேன்" என்றாள் பேச்சித்தாய். "குத்தாலத்துல எண்ணெய் தேய்க்க மாடக்கண்ணு அண்ணாச்சி இருக்காகள்லா? அவுக கையால அழுத்தித் தேய்ச்சு, அருவியில நிறுத்தினா அசையாது. சாரலும் நல்லா இருக்குன்னு சொல்லுதாவ. நாளைக்கு வண்டி பேசிருவோம். அக்கா, நீங்களும் வாங்க, பிள்ளைய வச்சிக்கிட."

சங்கரபாண்டி யோசித்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால் யானைப் பசி பசிக்கும். பசியோடு இருக்கிற மனிதனுக்கு முன்னால் எந்தப் பெண்சாதி ஈரலை ஒளித்து வைப்பாள்? அதோடு ஈரல் நிலைத்துவிட்டது என்று மாடக்கண்ணு வாயாலேயே வந்துவிட்டால் பிறகு சட்டப்படி அவருக்கும் பங்கு உண்டு. சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குதிரை வண்டி பூட்டிக் குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். பேச்சித்தாய் மடியில் ஒரு தூக்குச்சட்டி. மூடி இறுக மூடியிருந்தது. ஆனால் சங்கரபாண்டியின் மூக்கை யாரும் மூடவில்லை. வழி நெடுக அவர் மூச்சை இழுத்துக்கொண்டே வந்தார்.

மலையெல்லாம் மஞ்சு. சாரல் பொடிப்பொடியாக விழுந்தது. பெரிய அருவிக்குப் பக்கத்துப் பாறைகளில் வரிசையாக ஆட்கள் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார்கள். மாடக்கண்ணுவுடைய உள்ளங்கை தோசைக்கல் அகலம். பேச்சித்தாய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு வந்து சங்கரபாண்டியைப் பாறையில் மல்லாத்தினார்.

"ஒண்ணும் பயப்படாதேயும்வே. ஈரலு என்ன, இருதயமே இறங்கியிருந்தாலும் ஏத்திருவேன்."

"ஏறிட்டு அண்ணாச்சி. நிறுத்தினாப் போதும்."

"நிக்கணும்னா இன்னும் ஒரு சாண் மேல ஏத்தி விடணும். பொறவு அதாத் தணிஞ்சு எடத்துல உக்காந்துக்கிடும்."

உழக்கு எண்ணெயைக் கவிழ்த்தார். அடிவயிற்றில் இரண்டு கையையும் ஊன்றினார். ஊன்றி, மேல்முகமாக ஒரு தள்ளுத் தள்ளினார். சங்கரபாண்டி போட்ட கூச்சலில், அருவிக்குள் நின்றவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்.

கூட்டம் கூடிவிட்டது.

"என்னவே இவருக்கு?"

"ஈரலு இறங்கிட்டாம்."

"அப்படியும் ஒரு நோவு உண்டா?"

"இப்ப வந்திருக்க புது நோவு. நெல் மண்டியில மூட்ட தூக்குறவங்களுக்கு வருதாம்."

மதுரைப் பக்கத்திலிருந்து சாரலுக்கு வந்த ஒரு குண்டு மனிதர் தன் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் நுரையீரல் கொஞ்சம் இறங்கின மாதிரிதாங்க இருக்கு. மாடி ஏறினா மூச்சு வாங்குது" என்று மாடக்கண்ணுவுக்குப் பின்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் சிறுகுடல் இறங்கின ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் எது இறங்கியது என்று தெரியாத ஒருவர், எதற்கும் இருக்கட்டும் என்று நின்றார்.

மாடக்கண்ணு தள்ளினார். பிசைந்தார். முழங்கையை வைத்து அடியிலிருந்து நெஞ்சு வரைக்கும் உழுதார். சங்கரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எல்லாம் ஒரு துண்டுக்காக. ஒரே ஒரு துண்டுக்காக.

அப்போதுதான் கொஞ்சம் தள்ளி, தாழங்குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

சாரல் காற்று நேராக இவர் பக்கம்தான் வீசியது. வாழையிலையை விரித்து ஈரலை வைத்தாள். பக்கத்தில் சுவரொட்டியை வைத்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றாள். அடுத்த துண்டைப் பார்வதியம்மாளுக்குக் கொடுத்தாள். பார்வதியம்மாளுக்கு! அவள் எந்தப் பிள்ளையைப் பெற்றாள்? அவளுடைய கடைசிப் பையனுக்கே மீசை முளைத்துவிட்டது!

சங்கரபாண்டி கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். இலையில் மூன்று துண்டு. இரண்டு துண்டு. ஒரு துண்டு.

"நிறுத்தும்வே!" என்று மாடக்கண்ணுவைத் தள்ளிக்கொண்டு எண்ணெய்ச் சிலை மாதிரி எழுந்து உட்கார்ந்தார். "போதும்! எனக்கு ஈரலும் இறங்கல, ஒரு மண்ணும் இறங்கல! எல்லாம் பொய்! ஏட்டி பேச்சி, அந்த வறுவல்ல எனக்கும் ஒரு துண்டு தருவன்னுதான் நோவுன்னு சொன்னேன். சத்தியமாச் சொல்லுதேன், பொய்யிட்டி, பொய்! அந்தக் கடைசித் துண்டையாவது வையி!"

வரிசையில் நின்ற குண்டு மனிதர் விலாவிலிருந்து கையை எடுத்தார். எல்லோரும் பேச்சித்தாயைப் பார்த்தார்கள்.

பேச்சித்தாய் கடைசித் துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள். விரலை நக்கினாள். இலையைச் சுருட்டி வைத்துவிட்டு, மாடக்கண்ணுவைப் பார்த்துக் கவலையோடு சொன்னாள்:

"அண்ணாச்சி, நீங்க ரொம்பத்தான் ஏத்திட்டிய போல, ஈரலு தலைக்குப் போயிட்டு. கொஞ்சம் கீழ இறக்கி விடுங்க."